பாதியில் நிற்கும் புத்தகங்களின் அடுக்கு

விருது அவளுக்குத்தான் என்பது முதலில் தெரிந்தது முடிதிருத்துபவருக்கு. தலைமை அலுவலகத்து எழுத்தர் ஒருவர் கன்னம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது வாயை விட்டுவிட்டாராம். அதை முடிதிருத்துபவர் நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காவிடம் சொல்ல, அக்கா துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் மாடியேறி வந்தாள்.

“உனக்குத்தானாம்மா, அந்த இளம் நூலகர் விருது. பேரைச் சொல்லியே சொன்னாராம்.”

“வெறும் வதந்தியா இருக்கும்க்கா.”

“கத்தி தொண்டையில இருக்கும்போது எவனாவது பொய் சொல்லுவானா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன நூலகர்களுக்குள் ஒருவரைத் தேடிக் கொடுக்கும் விருது அது. வாங்கியவர்களை நிரந்தரமாக்காமல் விட்டதில்லை. அவளுடைய ஒப்பந்தமோ இந்த மாதத்தோடு முடிகிறது. அறிவிக்குமுன், மறுநாள் காலை தேர்வுக்குழு அவளுடைய அடுக்கைப் பார்க்க நேரில் வருகிறது.

எல்லா நூலகத்திலும் ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. பாதி படித்த நாவலை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார்கள். முன்பிருந்தவர்கள் கண்டுபிடித்துத் திட்டினார்கள். இவள் ஜன்னலோரம் ஓர் அடுக்கைக் காலிசெய்து, “பாதியில் நிற்பதை இங்கே வையுங்கள், பிடித்த பெயரில் ஒரு சீட்டு செருகுங்கள், யாரும் இடம் மாற்ற மாட்டார்கள்” என்று எழுதி ஒட்டினாள். கையெழுத்தும் இல்லை, பதிவும் இல்லை. ‘பல்வலி’, ‘மூணாம் மாடி’, ‘தூங்குமூஞ்சி’ என்றெல்லாம் சீட்டுகள் முளைத்தன. அவளுக்கும் சீட்டுக்கார அக்கா என்று பெயர் வந்தது.

பதிவில்லாத புத்தகம் காற்றோடு போய்விடும் என்று தலைமை அலுவலகம் முணுமுணுத்தது. தலைமை நூலகர், எல்லோருக்கும் அவர் மேடம், அவளுக்காக மல்லுக்கு நின்றார். அந்த அடுக்கிலிருந்து இன்றுவரை ஒன்றுகூடத் தொலையவில்லை என்று தேர்வுக்குழுவிடம் அடித்துச் சொன்னார். சொல்வதற்குமுன் நடையில் அவளை நிறுத்தி, “எல்லாம் இருக்குல்ல?” என்று கேட்டார். கை நிறையப் புத்தகங்களோடு போய்க்கொண்டிருந்தவள், “இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது துடைக்கும் அக்கா இறங்கிப் போனதும் எண்ணினாள். கடல் பயணத்தைப் பற்றிய அந்தத் தடிப் புத்தகம் இல்லை. சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் பார்த்தாள், அகராதிகளுக்குப் பின்னால் பார்த்தாள், திரும்ப ஜன்னலோரம் வந்து அதே இடைவெளியையே பார்த்தாள். அந்தப் புத்தகத்துக்குள் எப்போதும் இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்று முடிதிருத்துபவருடையது. இன்னொன்று அவளுடைய அப்பாவுடையது.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்தக் கடல் புத்தகம் எங்க?”

“எந்தக் கடல்?” இஸ்திரிப் பெட்டி காலரிலேயே போய்வந்துகொண்டிருந்தது.

“அப்பா.”

“அந்த முடிவெட்டுறவன் என் சீட்டப் பின்னால பின்னால நகர்த்தி வைக்கிறாம்மா. ஒரே புயலை நான் எத்தன தடவ படிக்கிறது? கப்பல் கரைக்கே வர மாட்டேங்குது. அதான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்.”

“சரி, குடுங்க.”

“பஸ்ல விட்டுட்டேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

“டிப்போவுக்கு நடையா நடந்து பார்த்துட்டேன். கிடைக்கல. உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?” பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “மேற்குக் கிளையில அதே புத்தகம் இன்னொண்ணு இருக்கு. போய்ப் பார்த்துட்டேன். அதே அட்டை, அதே கப்பல். எடுத்துட்டு வந்து வச்சிடு. யாரு கண்டா?”

“நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?”

“தெரிஞ்சதாலதான் சொல்றேன். அந்த வேலை உனக்கு இருக்கணும்ல.”

கோபமாகத்தான் செருப்பை மாட்டினாள். ஆனால் தெருமுனையில் கால்கள் மேற்குக் கிளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறின. தன் சொந்த உறுப்பினர் அட்டையிலேயே புத்தகத்தை எடுத்தாள். திரும்பி வந்து இடைவெளியில் செருகினாள். புத்தகத்தின் முதுகு சற்றுப் புதிதாகத் தெரிந்தது. நகத்தால் தேய்த்துப் பழசாக்கப் பார்த்தாள். தன் கை செய்வதைப் பார்த்து விலகினாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முடிதிருத்துபவர் வந்தார். புத்தகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா ராசா. கொஞ்ச நாளா ஆளையே காணோம்.” புரட்டினார். “என் சீட்டு எங்கம்மா?”

“துடைக்கும்போது விழுந்திருக்கும்ணே.”

பொய் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

“போனாப் போகுது. உங்கப்பா சீட்டும் இல்லையே. பெரியவர் முடிச்சிட்டாரா, இன்னும் புயல்லதான் கெடக்குறாரா?” சத்தம் வராமல் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் கடை லீவு. அவங்க முன்னாடி நானே நிக்கிறேன். இந்த அடுக்குல ஒரு குண்டூசிகூடத் தொலைஞ்சதில்லைன்னு என் வாயாலயே சொல்றேன். எனக்கென்ன லாபம்? நம்புவாங்கல்ல?”

“நம்புவாங்கண்ணே.”

அவர் போனபின் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நேராக இருந்த புத்தகங்களை நேராக்கினாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். சொன்னால் விருது போகும், வேலை போகும், மேடம் கொடுத்த வாக்கும் சேர்ந்து விழும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் நாளை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அவள் கொடுத்த பொய்யை நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்.

மாடிப்படியில் உட்கார்ந்து மேடத்தின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. இந்நேரத்துக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். நாளைக் காலை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. காலைவரை தனக்கு இந்தத் தைரியம் தாங்காது என்றும் தெரிந்தது. மறுபடி அழுத்தினாள்.

“விளக்க அணைக்கட்டாம்மா?” கீழிருந்து அக்கா கேட்டாள்.

“இருங்கக்கா.”

காதோடு அழுத்திப் பிடித்த போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.