சிவப்புக் கோடு போட்ட மாப் குச்சி

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று காலனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். சேலையூரில் எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்த்தவர். அவர் கைபடாத மிக்ஸி எங்கள் காலனியில் எந்த வீட்டிலும் இருந்திருக்காது.

எங்கள் தெரு தாழ்வு. கால்வாய் நிரம்பினால் முதலில் முழுகுவது அவர் கடை, அடுத்து என் வீடு. ஒரு மழைக்காலத்தில் அக்கா பழைய மாப் குச்சியில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கால்வாயில் நட்டார்.

"இன்னாக்கா, பெரிய கண்டுபிடிப்பா?" என்று சிரித்தேன்.

"சிரிக்காத. மொதல்ல குச்சி. மத்ததெல்லாம் அதும்மேலதான் வரும்."

வந்தது. அடுத்த மழைக்கு மூடிய காலி எண்ணெய் கேனைக் கைப்பிடி வழியாக அதே குச்சியில் கோத்தார். தண்ணீரோடு கேன் ஏறி, உச்சியில் கட்டிய சைக்கிள் மணியை இடிக்கும். பிறகு மணி இருந்த உயரத்தில், கால்வாய்ச் சுவரில் ஒரு மிக்ஸி சுவிட்ச். கேன் மோதினால் கடையில் பஸ்ஸர் அலறும். சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகள் அதைச் செல்போனோடு இணைத்தாள். ஒன்பதாவதோடு நின்ற நான், "எம்பொண்ணு கண்டுபிடிச்சது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

காலனி சங்கத்துக்காரர்கள் அதைப் போட்டோ எடுக்க வந்தார்கள். செல்போன் காலத்தில் மாப் குச்சி அசிங்கமாகத் தெரிந்தது எனக்கு. பிடுங்கி மாடியில் போட்டுவிட்டு, கேனைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு படத்தில் நடுவில் நின்றவன் நான்தான்.

அந்த வாரமே பெருமழை. பிடிமானமில்லாத கேன் ஓரமாக ஒதுங்கிவிட்டது. சுவிட்சை அது தொடவேயில்லை, போன் அடிக்கவில்லை. பழுதுக்கு வந்திருந்த அத்தனை மோட்டாரும் அக்கா கடையில் சேற்றில் கிடந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று, குச்சியை நான் எடுத்ததைச் சொன்னேன். அக்கா ஒரு மோட்டாரைத் தூக்கிச் சேற்றை வழித்தார்.

"குச்சி இல்லாம போன் எதப் புடிச்சிகினு நிக்கும், சொல்லு? போய் எடுத்துகினு வா. அழிஞ்ச கோட்ட நீயே போடு."

போட்டேன். கோணலாகத்தான் வந்தது. "உன்ன மாதிரியே கீது," என்றார்.

அடக்கத்துக்கு மறுநாள் மழை பிடித்தது. போன் சும்மாதான் இருந்தது. ஆனாலும் குடையோடு போய்க் குச்சியைப் பார்த்தேன். இப்படிப் போய்ப் பார்க்கிற பழக்கம்தான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. சொல்லத் திரும்பினேன். கடை ஷட்டர் மூடியிருந்தது.