நாற்பத்து மூன்று வீடுகள்

முதுகலைப் பொருளாதாரம் படிக்கக் கனிஷாய் தலைநகர் பிஷ்கெக் வந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் நாரின் மலையூர்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பியவள். இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. ஒரு முறை பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அதற்கெல்லாம் அசராதவள், புள்ளிவிவரக் கணக்குப் போடும் ஸ்டேட்டா மென்பொருளின் முதல் வகுப்பிலேயே அழுதுவிட்டாள். அவள் எந்த வரியைத் தட்டினாலும் திரையில் சிவப்பு எழுத்துதான் வந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த ஐசிரெக்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்று வயது. விடுதியிலும் இருவருக்கும் ஒரே அறை.

"அக்கா, அது உங்களைத் திட்டல. ஒரு கமாவ விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

"ஒரு கமாவுக்கு இவ்வளவு கோவமா? இதுக்கு எங்க மாமியாரே தேவலாம் போலிருக்கே."

ஐசிரெக் சிரித்த சிரிப்பில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்று முதல் கனிஷாய் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தன் பேச்சிலேயே அர்த்தம் குறித்துக்கொண்டாள். 'இது பிரிக்கும்.' 'இது எண்ணிச் சொல்லும்.' 'இதைத் தெரியாமல் தட்டினால் எல்லாம் போய்விடும், ஜாக்கிரதை.' சாயங்காலம் கணவன் ஷப்தான் நாரினிலிருந்து கூப்பிடுவான். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பெண் பிள்ளைகளையும் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

"என்ன பேராசிரியரம்மா, இன்னிக்கு மெஷின் என்ன சொல்லுச்சு?"

"இன்னிக்கு நாலு தடவதான் திட்டுச்சு."

"பரவாயில்லையே. இங்க உன் சின்ன மக என்னை ஏழு தடவ திட்டிட்டா."

ஆய்வுக்கு அவள் தேர்ந்துகொண்டது, தானே அலைந்து சேர்த்த பழைய கணக்கெடுப்பைத்தான். அப்பா பிழைப்புக்காக ரஷ்யா போய்விட்ட வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்பது கேள்வி. வசந்தம் பிறக்கும் முன் விடை வந்துவிட்டது. அப்பா இரண்டு ஆண்டுக்கு மேல் வீட்டில் இல்லாத பிள்ளைகளே எல்லாரையும்விட ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றது அட்டவணை.

வழிகாட்டி சோயுஸ்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. "யாருமே சொல்லாத விஷயம்மா இது! உடனே கட்டுரையா எழுதிடலாம்."

அவளுக்கோ நம்ப முடியவில்லை. அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து தேநீர் குடித்தவள் அவள். கட்டுரை எழுதாமல், அந்த வீடுகளைத் திரையில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பார்த்தாள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு ஜோடி இரட்டையர். அந்த வீட்டை எப்படி மறக்க முடியும்? மடியில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, ரொட்டியில் பாலாடை தடவிக் கொடுத்தவரே அந்த அப்பாதான்!

"ஐசிரெக், இங்க வா. வீட்லயே இருக்கிற மனுஷனை ரெண்டு வருஷமா காணோம்னு சொல்லுது இது."

ஐசிரெக் குனிந்து பார்த்தாள். 'எத்தனை மாதமாக வீட்டில் இல்லை' என்ற கட்டத்தில் வெறும் புள்ளிதான் இருந்தது. வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லித்தான் படிவமே போட்டிருந்தார்கள்.

"ஐயோ அக்கா! காலியா இருந்தா அதை எல்லா எண்ணையும் விடப் பெரிசுன்னு எடுத்துக்கும் இது. இருபத்துநாலுக்கு மேலன்னு கேட்டீங்கல்ல, அத்தனை புள்ளியும் உள்ள வந்துடுச்சு. காலியா இருக்கிறத விட்டுடுன்னு நாமதான் சொல்லணும்."

மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு புள்ளிகள். அத்தனையையும் நீக்க ஒரே ஒரு வரி போதும். தட்டப்போன கை நின்றுவிட்டது.

"எல்லாமே வீட்ல இருக்கிற ஆம்பளைங்க இல்லடி. சில பொம்பளைங்ககிட்ட இந்தக் கேள்வியக் கேட்டா எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பார்ப்பாங்க. திரும்பி வந்து வேற பேச்சுப் பேசுவாங்க. புருஷன் போன் பண்ணியே எவ்வளவு நாளாச்சோ. நானும் காலியாத்தான் விட்டேன்."

ஐசிரெக் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "புள்ளிக்குப் பக்கத்துல ஒரு எழுத்துப் போட்டுக்கலாம் அக்கா. இருபத்தாறு எழுத்து இருக்கு. ஒவ்வொன்னும் ஒரு விதமான காலி."

"இருபத்தாறு போதுமா?" என்றாள் கனிஷாய்.

நோரூஸ் வசந்தத் திருநாள் விடுமுறையில் ஊருக்குப் போனவள், அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பழைய படிவக் கட்டுகளைப் பிரித்தாள். எடுத்துக் கொடுக்க ஷப்தானுக்கும் அனுமதி கிடைத்தது. கணப்பு இல்லாத அறை. இருவரும் கோட்டைக் கழற்றாமலே இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். அவள் எண்ணைச் சொல்வாள், அவன் படிவத்தைத் தேடி ஓரத்தில் அவள் அன்று குறித்திருந்ததை வாசிப்பான். 'கணவர் வீட்டில்.' 'கணவர் வீட்டில்.' 'பதில் இல்லை, கண் கலங்கினார்.' 'உனக்குத் தோன்றியதை எழுதிக்கொள் என்றார்.' எல்லாம் அவள் கையெழுத்து. போகப்போக அவன் குரல் இறங்கியது.

"எட்டு வருஷம். இதுல ஒன்னைக்கூட நீ வீட்ல சொன்னதில்லையே."

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. நீங்களும் இப்பத்தான் வாசல்ல போட்டீங்க, ஞாபகம் வச்சுக்குங்க."

அவன் தலையாட்டினான். குடுவையிலிருந்து தேநீரை ஊற்றி, அவள் விரல்களைக் கோப்பையைச் சுற்றி மடித்துவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தான்.

இருநூற்று நாற்பத்தேழு பேர் வீட்டில் இருந்தவர்கள். மீதி நாற்பத்து மூன்று வீடுகளுக்கு அவள் தனி எழுத்துப் போட்டாள். பரபரப்பான முடிவு காணாமல் போயிற்று. அப்பா வெகுநாள் இல்லாத வீடுகளில் படிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அந்த நாற்பத்து மூன்றில்தான் மூத்த பிள்ளைகள் மற்ற எங்கும் இல்லாத அளவுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்கள்.

சோயுஸ்பெக் முகம் வாடித்தான் போனார். "நாற்பத்து மூணு ரொம்பக் கம்மிம்மா. அடிக்குறிப்பா போட்டுடு."

"ஒரு பக்கமாவது குடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பக்கம் எழுது. கம்மின்னு முதல் வரியிலயே சொல்லிடு."

ஜூனில் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஐந்துக்கு நான்கு போட்டார்கள். "அஞ்சு போட்டிருக்கணும்" என்று தாழ்வாரத்தில் நின்று அழுதவள் ஐசிரெக்தான். கனிஷாய் அவளை அணைத்து, சந்தையில் வாங்கி வைத்திருந்த செர்ரிப் பழப் பையைக் கையில் திணித்தாள். இலையுதிர்காலத்திலிருந்து நாரின் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. படிவம் தயாரிக்கிற பிரிவு.

ஷப்தான் வண்டியோடு வந்திருந்தான். பெட்டி, போர்வை, நோட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றினான். பூம் பள்ளத்தாக்கு தாண்டியதும் கேட்டான்.

"அடுத்து என்ன படிக்கறதா உத்தேசம்?"

"தூங்கறதா உத்தேசம்."

அவன் வானொலியை நிறுத்தினான். கொச்கோர் வரும்வரை அவள் தலை அவன் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினான். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலியெழுப்பி, கையை நீட்டித் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள்.