நான் போகாத வார்டு

மலேசியாவில் லுக்குட் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, சிரம்பானில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது மூன்று வாரம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர் அவர்.

போய்ப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரியை இரண்டு சுற்று சுற்றியும் கார் நிறுத்த இடமில்லை. இன்னொரு சுற்று சுற்றியிருந்தால் கிடைத்திருக்கும். நான் சுற்றவில்லை. வழியில் ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

எனக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. சிறுகதைகள் போடுவேன், சனிக்கிழமைதோறும் விசுவாசத்தைப் பற்றி ஒரு சிந்தனையும் எழுதுவேன். எங்கெங்கோ இருப்பவர்கள் அதற்காகக் காத்திருப்பதாகச் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை எழுத ஒன்றும் அகப்படவில்லை. அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்ததாக எழுதினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனமில்லை, ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்து ஜெபித்தேன் என்று எழுதினேன். கதை என்று போட்டிருந்தால் குற்றமில்லை. சிந்தனை என்று போட்டேன். கண் கலங்கியதாக நிறைய பேர் பதில் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை லுக்குட் பாசாரில் அக்காவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"மவ போன்ல காட்டினா. உங்க அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன்மா. ஒரே அழுகை. ஆமாங்க, யாரோ கையத் தொட்ட மாதிரிதான் இருந்திச்சுன்னு சொன்னா. அடுத்த தடவ எழுப்பிடு லா, பேசணும்னு ஆசப்படுறா."

தலையாட்டினேன். வாங்கிய கீரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அன்னிக்கு வரவே இல்ல."

"தெரியும்," என்றார். "அந்த வாரம் நான் எங்க தூங்குனேன்? வலியில கண்ணே மூடல."

"அப்புறம் ஏன் அண்ணன்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உன்ன நல்லவளா நெனச்சிட்டு இருக்காரு. அத ஏன் கெடுக்கணும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் கேட்டார். டாக்டர் சொன்ன அளவுதான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் எச்சரித்தார். அரைக் குவளை கொடுத்தேன். விசிட்டிங் நேரம் முடியும்வரை இருந்தேன்.

அன்று சாயங்காலமே, முன்பு எழுதியது பொய் என்று என் பக்கத்தில் நான்கே வரியில் எழுதினேன். எல்லாரும் காறித் துப்பட்டும் என்றுதான் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்தன. எவ்வளவு துணிச்சல், எவ்வளவு தாழ்மை, கர்த்தர் உங்களை இன்னும் உயர்த்துவார் என்று. முந்தைய பதிவைவிட இதற்குத்தான் இதயங்கள் அதிகம். அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு கணம் குளிர்ந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, குளிரத்தான் செய்தது.

இந்தத் தடவை யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது, எதுவும் எழுதவில்லை. அண்ணன் மட்டும் அந்த நான்கு வரியைப் படித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. எப்போதும் எங்கள் வரிசையிலேயே உட்காரும் அவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என்னைவிட்டு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.