இது யாருக்கு?

என் சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. கணக்குப் படம் எடுக்கப்போய் அவை போயின என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். 'சமூகத்தில் கணிதம்' என்று கல்லூரிகளுக்கிடையே ஒரு வீடியோ போட்டி வைத்தார்கள். கதைபோலச் சொல்ல வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் கோலத்தையும் கோபுரத்தையும் எடுக்கக் கிளம்பினார்கள். நான் என் இரண்டு கூட்டாளிகளையும் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இழுத்துப்போனேன். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில் எங்கள் ஊர்.

கொடையில் வெட்டிய கிடாக்களின் கறியை ஓலைப்பாயில் கூறு கூறாக வைப்பார்கள். கோயில் வரி கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு. கறி வெட்டுகிறவர் ஒரு கூறைக் கத்தியால் காட்டி, "இது யாருக்கு?" என்பார். கறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லுவார். பார்க்காமல் சொல்வதால் ஓரவஞ்சனைக்கு வழியில்லை. வருடா வருடம் அப்படி முதுகு காட்டி உட்கார்ந்தவர் என் சித்தப்பா. அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். ஊரின் பெரிய வீட்டு வயலை விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதுதான் படிக்கவைத்தார்.

தச்சநல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கூட்டிவந்தோம். கிடாக்களின் தலை ஒவ்வொன்றாக விழுந்தது. ரத்தம் கேமராக் கண்ணாடியில் தெறித்தது. மனிதர் வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து எடுத்தார். தாலி கட்டும் கையை நெருங்கி எடுத்தே பழகியவர், இங்கேயும் கறி வெட்டுகிறவரின் கையையே நெருங்கினார். 'இந்த முறையில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது' என்று பின்னணியில் பேசியது நான்.

எங்கள் பக்கம் கல்யாண கேசட் வந்தால் அதில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் போட்டுக்காட்ட வேண்டும். அந்த வழக்கத்தை மீற எங்களுக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால், டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஒரு சாயங்காலம் கோயில் பொட்டலில் வைத்தோம். ஊரே தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் எதிர்வீட்டு அண்ணன் எழுந்தார்.

"ஏலே, கொஞ்சம் பின்னால ஓட்டு."

ஓட்டினேன். கறி வெட்டுகிறவரின் கை, ஈரலையும் தொடைக்கறியையும் ஒரு கூறின் அடியில் தள்ளி மேலே குடலைப் போட்டு மூடியது. பிறகு கத்தி, கறி வெட்டும் மரமுட்டியில் இரண்டு தடவை தட்டியது. "இது யாருக்கு?" "பெரிய வீட்டுக்கு" என்றார் சித்தப்பா. நாங்கள் மூவரும் இதைப் பலமுறை பார்த்திருந்தோம். நியாயத்தைக் காட்ட எடுத்த படம் என்பதால் எங்கள் கண்ணில் நியாயம் மட்டுமே பட்டிருந்தது.

"எம் பிள்ளைக எலும்பச் சூப்பிட்டுக் கெடக்கு. நீரு தாளம் கேட்டுட்டு இருந்தீராவே?" என்றார் அண்ணன் சித்தப்பாவிடம்.

டி.வி. மேல் ஒரு கல் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. கறி வெட்டுகிறவரை வாழைத்தோட்டத்துக்குள் விரட்டி மண்வெட்டிக் காம்பால் கால் எலும்பை முறித்தார்கள். அண்ணன் வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தார். கழுத்துக்கு வந்த வெட்டைச் சித்தப்பா கையால் தடுத்தார். மணலில் விழுந்த விரல்களை நான்தான் துண்டில் சுற்றினேன். பெரியாஸ்பத்திரியில் அவற்றை ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குப் பெரிய வீட்டுச் சுவரில் ஒரு சிறு கல்கூட விழவில்லை. ஈரல் தின்றவர்கள் அவர்கள். வெட்டுப்பட்டது எங்கள் வீடு, ஜெயிலுக்குப் போனது எதிர்வீடு. எங்கள் வீட்டுக்கும் எல்லா வருடமும் எலும்புதான் வந்தது. தட்டும் சத்தம் கேட்டதும் பெரிய வீட்டைச் சொல்லவில்லையென்றால் வயல் போய்விடும் என்று சித்தப்பா பயந்தார். அடுத்த நடவுக்கு அந்த வயலையும் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் சித்தப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் பேராசிரியர் கேசட்டைப் பார்த்தாராம். "இதெல்லாம் கணிதம் இல்ல, எடுத்துருங்க" என்று என் கூட்டாளிகளிடம் சொல்லி, கை தெரியும் இடத்தையும் தட்டும் சத்தத்தையும் நீக்கச் செய்தார். படத்துக்கு முதல் பரிசு. 'யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது' என்று என் குரல் ஒலித்தபோது அரங்கம் கைதட்டியது. எனக்கு மேடையேறி அந்த மைக்கைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்குப் போனேன். சித்தப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"படம் போட்டாங்களாலே?"

"போட்டாங்க."

"அந்தத் தட்டுத சத்தம்?"

"அது இல்ல. எடுத்துட்டாங்க."

கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பம் அந்தப் படத்துல நான் யோக்கியன்தான்" என்றார்.