படிக்கட்டுக்குக் கீழே கிடந்த சாமான்கள்

இன்று காலை எங்கள் ஒழுங்கையில் டெங்கு நுளம்புக்குப் புகையடித்தார்கள். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குள் அந்த மணத்தோடு ஜெசிந்தா அக்காவின் ஞாபகமும் உள்ளே வந்துவிட்டது.

வேலை கிடைத்த புதிதில் புளியந்தீவில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார ஐயா. மேலே எனக்கு ஓர் அறை; அடுத்த அறையில் ஜெசிந்தா அக்காவும் அவருடைய சின்ன மகள் டிலானியும். கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறைகள். மிச்சச் சாமான்களெல்லாம் முற்றத்தில் இருந்த பொதுப் படிக்கட்டுக்குக் கீழேதான் கிடக்கும். சமைத்துச் சாப்பிடப் போகிறேன் என்று வீறாப்பாக வாங்கி, ஒரே தடவை சோற்றைக் கருக்கிய என் அடுப்பும் அங்கேதான். டிலானியின் மூன்று சில்லுச் சைக்கிளும் குளிக்கிற தொட்டியும் அதன் பக்கத்தில். ஐயாவுக்கு அடிக்கடி கால் தடக்கும். “இது வீடா, சந்தையா?” என்று சத்தம் போடுவார். பிறகு அவரே சைக்கிளை ஓரமாக நகர்த்தி வைப்பார்.

மாரிமழைக் காலத்தில் டிலானிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. இரத்தத்தில் கோளாறு என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். “சாமான் கிடக்கட்டும் ஐயா, வந்திருவம்” என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

அவர்கள் வரவில்லை. டெங்குப் பரிசோதகர்கள்தான் வந்தார்கள். தொட்டியில் தேங்கிய மழைத்தண்ணீரில் புழு. வழக்குப் போடுவோம் என்று மிரட்டியதில் ஐயா பயந்துபோனார். மறுநாள் குப்பை அள்ள வந்த உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்.

சில நாட்களில் அக்கா வந்தார், தனியாக. பையைக் கூட இறக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழேயே பார்த்தபடி நின்றார்.

“ஐயா, சைக்கிள் எங்க?”

“குப்பைக்குக் குடுத்திட்டன் மகள், டெங்குக்காரன் வெருட்டினான். யோசிக்காத, பிள்ளைக்குப் புதுசு வாங்கித் தாறன்.”

“அவ இனி வரமாட்டா ஐயா.”

ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டார். சேர்ட்டை மாட்டிக்கொண்டு குப்பை மேட்டுக்குப் போனவர், பின்னேரம் முழங்கால்வரை சேறோடு திரும்பினார். கையில் ஒரு சிவப்புச் சில்லு. டிலானியின் சைக்கிளில் எல்லாமே மஞ்சள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். “ஓம் ஐயா, இதுதான்” என்றார்.

அந்த மாதத்தோடு அவர் அறையை விட்டுப் போனார். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஐயா போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள், இடித்தார்கள். இப்போது அது வாகனத் தரிப்பிடம். போன கிழமை அங்கே போய் நின்று பார்த்தேன். படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை.