கோப்பென்றால் கோத்தது

செய்தி வந்தபோது காலை மணி ஏழு. தங்கை அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள், துணி மாற்றி வரலாமென்று வீட்டுக்கு வந்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

ஈரத் தலையோடு பஸ் ஏறினாள். பிழைக்கமாட்டார் என்று டாக்டர் முன்பே சொல்லியாகிவிட்டது. அவளை உறுத்தியது வேறு: பேச்சுத்துணைக்கு ஏங்கியே காலம் தள்ளிய மனிதர், கடைசியில் யாருமில்லாமல் போயிருப்பாரோ.

கல்யாணம் காட்சி எதுவும் இல்லாதவர். வேலையும் ஜன்னலில்லாத ஆவண அறையில்: கூரை தொடும் இரும்பு அலமாரிகள், ஒரு குத்தூசி, ஒரு நூல்கண்டு. எல்லோரும் பைல் என்பார்கள். அவர் கோப்பு என்பார். 'கோப்பு சார்' என்றே பேர் விழுந்துவிட்டது. தாள் தேடி வந்தவரை உட்காரவைத்து அந்தச் சொல் எப்படி வந்தது என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டிலும் அதே கதைதான். "ஆரம்பிச்சிட்டியாண்ணா" என்று அவள் அடுப்படிக்கு நழுவுவாள்.

வார்டு வாசலில் இரவு டியூட்டி நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள்.

"அக்கா, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். நீங்க போனதும் முழிச்சிட்டார். கேஸ் ஷீட்டெல்லாம் உதிரியா கெடக்கேன்னு ஒரே அங்கலாய்ப்பு. கட்டுப் போடுற காஸ் துணியிலேர்ந்து நூல் உருவிக் கோக்க ஆரம்பிச்சிட்டார்."

"பேசினாரா?"

"எங்க நிறுத்தினார்? 'நூல்ல கோக்கிறதாலதாம்மா கோப்பு. பைல்ங்கிறியே, அதுக்கும் ஆதியில நூலுன்னுதான் அர்த்தம்'னார். போதும் தாத்தா, நூல் விடாதீங்கன்னேன். 'எனக்குக் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள தாத்தாவா'ன்னார். வார்டே சிரிச்சுது. அப்படியே தலகாணியில சாஞ்சார், அவ்வளவுதான். கஷ்டமே படலக்கா."

"அவர் சொன்னத முழுசா கேட்டியாம்மா?"

"கேட்டேங்க்கா. பக்கத்துக் கட்டில்காரர் இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லிக் கேட்டார். தன் கேஸ் ஷீட்டையும் அவர்கிட்ட நீட்டிட்டார்."

தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. முதலில் சிரிப்பு வந்தது, அழுகை பிறகுதான்.

உள்ளே அண்ணனின் தாள்கள் ஒழுங்காகக் கோத்து முடிச்சிடப்பட்டிருந்தன. பக்கத்துக் கட்டில்காரருடையதில் நூல் மூன்று தாள்வரை ஏறியிருந்தது. அந்தக் கட்டில்காரரின் ஸ்கேன் அறிக்கை கோக்கப்படாமல் கிடந்தது.