டீசல் வாசனை உப்புமா

தள்ளுபடிக் கடையில் ஒன்றுக்கு ஒன்று இலவசமாக வாங்கிய ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன். மகன் நாளை போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிறான். வரமிளகாய் நெடி ஏறியதும் நினைவில், நான் பிறந்து வளர்ந்த வெண்ணந்தூர் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்பா லாரி ஓட்டினார். அம்மா ரேஷன் ரவையைத் தாளித்து, ஈரமில்லாமல் வறுத்து, தூக்குப்போசியில் அடைத்துக் கொடுப்பாள். வழியில் மாட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் போதும். போசி தொடாமல் அப்படியே திரும்பி வந்தால் அன்று எங்களுக்கு அந்த உப்புமாதான். டீசல் வாசனை அடிக்கும். அப்பாவுக்கு வழியில் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

ஒருமுறை சொன்ன நாள் தாண்டியும் அப்பா வரவில்லை. ஹாரன் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடினாள். ஒருவழியாக வந்து சேர்ந்தபோது நான் தட்டோடு நின்றேன். கனமாக இருக்கும் என்று போசியை வாங்கிய அம்மாவின் கை சட்டென்று மேலே எழும்பியது. போசி காலி.

"என்னாச்சுங்க?"

"மலையில மண்ணு சரிஞ்சு ரோடே போயிருச்சு. முன்னால போன வண்டி..."

அம்மா அடுப்பைப் பற்றவைத்து மறுபடி ரவையை வறுக்கத் தொடங்கினாள்.

"ரோட்டோரம் பூரா ஓட்டல்தான் இருக்குது. இது எதுக்கும்மா?" என்றான் மகன், நான் வறுத்த ரவையைப் போசியில் அடைப்பதைப் பார்த்து.

"திங்கறதுக்கு இல்ல சாமி. அப்படியே திருப்பிக் கொண்டாறதுக்கு."